கிணற்று மைதானத்தின் ஊமைத் தகரம்

சனிக்கிழமை மாலை அந்தச் சலூனுக்கு முடிவெட்டப் போகிறவர்கள் பாவம். அரை மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் இழுக்கும். பாதித் தலையில் கத்தரிக்கோல் அந்தரத்தில் நிற்க, சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, தகரக் கூரை போடும் கூரைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். சண்டை எதைப் பற்றி? வெளியூர் கால்பந்து மைதானங்களில் எது அதிகப் பயங்கரமானது என்பதைப் பற்றி. வேறு வேலை இல்லையா என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டவன் இன்னும் அரை மணி நேரம் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தான்.

இருபத்தெட்டு வருடமாக இரண்டு பேரும் தங்கள் ஊர் அணி எங்கே ஆடப் போனாலும் பின்னாலேயே பஸ் பிடித்துப் போகிறவர்கள். அந்த அணி வெளியூரில் ஜெயித்த கதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே பயந்த கதைகளைத்தான் பேசியாக வேண்டும். ரயில்வே யார்டுக்குப் பின்னால் ஒரு மைதானம் உண்டு. ஆட்டம் முடிந்து வெளியூர்க்காரர்கள் ஒரு குறுகலான சந்து வழியாக ஒவ்வொருவராக வெளியே வர வேண்டும். மேலே பாலத்தில் உள்ளூர்க்காரர்கள் இருநூறு பேர் நிற்பார்கள். கத்த மாட்டார்கள், திட்ட மாட்டார்கள், சும்மா பார்ப்பார்கள். இன்னொரு மைதானத்தில் முன்வரிசை முழுக்க வயதான பெண்கள், ஆளுக்கொரு குடையோடு. அந்தக் குடை முனை தன் கெண்டைக்காலில் ஏறிய தழும்பைச் சலூன்காரர் பேன்ட்டைத் தூக்கிக் காட்டுவார். பத்து வருடத்துக்கு முன் அது வலது காலில் இருந்தது. இப்போது இடது காலில் இருக்கிறது.

ஆனால் முதலிடம் எப்போதும் பக்கத்து ஊர் மைதானத்துக்குத்தான். அதற்குப் பெயரே கிணறு. பள்ளத்தில் தோண்டிய மைதானம். சுற்றிலும் படிகள் செங்குத்தாக ஏறும். ஒரு பக்கக் கோலுக்குப் பின்னால், மார்பளவு உயரத்தில், மைதானத்தின் முழு அகலத்துக்கும் தகர வேலி. உள்ளூர் ரசிகர்களில் ரொம்ப மோசமான கூட்டம் அந்த வேலியை ஒட்டித்தான் நிற்கும். அவர்கள் அணி பந்தோடு முன்னேறினால் போதும், தகரத்தை உதைக்க ஆரம்பிப்பார்கள். அந்தச் சத்தத்தில் பல் கூசும், பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. இருபத்தெட்டு வருடத்தில் கூரைக்காரரின் அணி அங்கே ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

கூரைக்காரர் எப்படிப்பட்ட ஆள் என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது எதுவுமே புரியாது. தகரம் போடுவதிலும் கூரை மேய்வதிலும் இரண்டு ஊருக்கும் அவரை விட்டால் ஆள் கிடையாது. கை சுத்தம், வேலை சுத்தம். ஒரே ஒரு கோளாறு: யாரையும் கேட்க மாட்டார். மனைவி கூடைப்பந்து ஆடுகிறவள் மாதிரி எம்பித் துணி காயப் போடுகிறாளே என்று அவர் பாட்டுக்குக் கொடிக்கம்பியை இரண்டடி இறக்கினார். மறுநாள் காலை அவளுடைய கழுத்து அதில் மாட்டியது. தங்கை தையல் மிஷினை நகர்த்தக் கஷ்டப்படுகிறாள் என்று அதற்குச் சக்கரம் பொருத்தினார். அவள் மிதிக்க மிதிக்க மிஷின் வாசல் வரைக்கும் போனது. யார் கஷ்டப்படுவதாக அவருக்குத் தோன்றினாலும் உடனே ஸ்பேனர் கைக்கு வந்துவிடும். அந்த ஆளிடம் வாயைத் திறந்து, "உனக்கு என்னப்பா கஷ்டம்?" என்று கேட்பது மட்டும் இந்த ஜென்மத்தில் நடக்காது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஊர் அணியின் கீப்பர் அவருடைய மருமகன், அந்தத் தையல்காரத் தங்கையின் ஒரே பையன். வயது இருபத்து மூன்று. பகலில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பான், சாயங்காலம் பயிற்சி. நல்ல கீப்பர்தான். ஆனால் கிணற்றில் மட்டும் அவனுக்கு ராசியே இல்லை. முதல் வருடம் மூன்று கோல் விட்டான். இரண்டாவது வருடம் நான்கு. அதில் ஒன்று கைக்குள் வந்த பந்து, நழுவிப் பின்னால் போனது. அன்றைக்குப் பஸ்ஸில் ஊர்க்காரர்கள் பேசிய பேச்சைக் கேட்டுக் கூரைக்காரர் இரண்டு இரவு தூங்கவில்லை.

இந்த வருடம் பயிற்சியாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "தம்பி, புதுக் கீப்பர் ஒருத்தன் தயாரா இருக்கான். கிணத்துல ஒழுங்கா நின்னு காட்டு. அங்க மறுபடியும் சொதப்பினா உன்ன வச்சு நான் ஆட முடியாது, வெளியில உக்கார வேண்டியதுதான்."

அந்த வாரம் தங்கை வீட்டில் குழாய் ஒழுகுகிறதென்று கூரைக்காரர் போனார். குழாய் ஒழுகுவதாக யாரும் சொல்லவில்லை, அவருக்குத்தான் அப்படித் தோன்றியது. உள்ளறையில் மருமகன் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான். கண்கள் இறுக மூடியிருந்தன, காதில் ஹெட்போன். அதிலிருந்து கசிந்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. தகரம்! கிணற்றுத் தகரமேதான். போன வருட ஆட்டத்தை யாரோ பிடித்த வீடியோ. பையன் உடம்பு வெடுக் வெடுக்கென்று இடதும் வலதும் துள்ளியது. நெற்றியெல்லாம் வேர்வை.

கூரைக்காரருக்கு நெஞ்சை என்னவோ செய்தது. பிள்ளை எப்படிப் பயந்து போயிருக்கிறான்! வீட்டில் உட்கார்ந்தாலும் அந்தச் சத்தம் விடவில்லையே! இந்த இடத்தில் வேறு எந்த மாமாவாக இருந்தாலும் தோளைத் தொட்டு, "என்னடா செய்ற?" என்று கேட்டிருப்பார். இவர் சத்தம் போடாமல் திரும்பி, நன்றாக இருந்த குழாயைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான்காம் நாள் ஒரு போன் வந்தது. கிணற்று மைதானத்தின் தகர வேலி துருப்பிடித்துக் கிழிந்து போய், போன மாதம் ஒருவன் காலைப் பதம் பார்த்திருக்கிறது. அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் பத்து நாளில் சரிசெய்யாவிட்டால் ஆட்டமே கிடையாது என்று சொல்லியிருக்கிறார். அவர்களுடைய வழக்கமான ஆள் ஏணியிலிருந்து விழுந்து படுத்திருக்கிறான். நீங்கள் வருவீர்களா?

அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் கூரைக்காரர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அன்றிரவு சாப்பிடும்போது மனைவியிடம் திட்டத்தைச் சொன்னார். "சத்தமே வராத மாதிரி போட்டுட்டு வந்துடப் போறேன். எவன் எப்படி உதைச்சாலும் உதைக்கட்டும். பையன் நிம்மதியா நிப்பான்."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்பான். ரோஷக்காரன்."

"அதுக்குத்தாங்க கேக்கச் சொல்றேன்." அவள் தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள். கொடிக்கம்பி விஷயத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார் அவர். அவள் சும்மா இருந்தாள். அந்த வீட்டில் எத்தனையோ அனர்த்தங்கள் அப்படித்தான் ஆரம்பித்திருக்கின்றன.

மூன்று நாள் வேலை. பழைய தகடுகளைக் கழற்றியபோதுதான் சத்தத்தின் ரகசியம் அவருக்குப் பிடிபட்டது. ஒவ்வொரு தகட்டுக்கும் மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் நாலே ஸ்க்ரூ. நடுவில் பிடிமானமே கிடையாது. உதைத்தால் தகடு முழுசாக அதிர்கிறது. "இதுக்காடா இருபத்தெட்டு வருஷம் நடுங்கினோம்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர்கள் கேட்டது துருப்பிடித்ததை எடுத்துவிட்டுப் புதுசு போடச் சொல்லி மட்டும்தான். இவர் தொண்ணூற்றாறு தகட்டுக்கும் பின்னால் குறுக்குச் சட்டம் அடித்தார், சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஸ்பாஞ்சுப் பட்டை வைத்தார், தகட்டுக்குப் பன்னிரண்டு ஸ்க்ரூ, ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வாஷர். முடித்துவிட்டு, காவலாளி அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து ஒரு உதை விட்டார். தொப். மெத்தையில் உதைத்த மாதிரி. தன் சொந்த வீட்டுக் கூரைக்குக்கூட அவர் இப்படி ஒரு வேலை செய்ததில்லை. அது இன்னும் மழைக்கு ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

விஷயத்தைச் சலூன்காரரிடம் மட்டும் சொன்னார். சாதாரணமாகச் சலூன்காரரிடம் ஒன்றைச் சொன்னால் ஊர் முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரி. ஆனால் அந்தப் பாழாய்ப்போன மனுஷர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாயைத் திறக்கவில்லை. கத்தியின் மேல் சத்தியம் செய்தார், செய்தபடியே நடந்தும் தொலைத்தார். அன்றைக்கு அவர் கொஞ்சம் உளறியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஆட்ட நாள். இரண்டு பஸ் நிறைய ஆட்கள் போனார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஒதுக்கிய மூலை, தகர வேலிக்குப் பக்கவாட்டில். முதல் பாதியில் மருமகன் எதிர்ப்பக்கக் கோலில் நின்றான், தகரம் அவனுக்கு எட்டாத தூரத்தில். யாருமே எதிர்பாராமல் ஊர் அணி ஒரு கோல் போட்டது. ஒன்று – பூஜ்யம். சலூன்காரர் கூரைக்காரரைக் கட்டிப்பிடித்து மூக்குக் கண்ணாடியை உடைத்தார்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது. மருமகன் மெதுவாக நடந்து தகர வேலிக்கு முன்னால் இருந்த கோலுக்கு வந்தான். கையுறையை இழுத்து விட்டுக்கொண்டான். முகத்தில் பயம் இல்லை. சொல்லப்போனால் லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. கூரைக்காரர் அதைக் கவனித்தார், ஆனால் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அவர் கூரைக்காரரே இல்லை.

உள்ளூர் அணி பந்தோடு வந்தது. கூட்டம் காலைத் தூக்கி உதைத்தது.

தொப். தொப். தொப்.

உதைத்தவர்கள் குழம்பிப்போய்க் குனிந்து பார்த்தார்கள். இன்னும் பலமாக உதைத்தார்கள். ஒருவன் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். வெளியூர் மூலையில் ஒரே ஆரவாரம். "என்னய்யா, உங்க தகரத்துக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று சலூன்காரர் கத்தினார். கூரைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இருபத்தெட்டு வருடத்துக்குச் சேர்த்து வைத்துச் சிரித்தார்.

மருமகன் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பித் தகரத்தைப் பார்த்தான். மறுபடி பந்து வந்தது, மறுபடி திரும்பிப் பார்த்தான். "முன்னால பாருடா!" என்று மாமா தொண்டை கிழியக் கத்தினார். சத்தமில்லாத மைதானத்தில் அது நன்றாகவே கேட்டது. அறுபத்தெட்டாவது நிமிடம், இடது ஓரத்திலிருந்து பந்து உயரமாக வந்தது. மருமகன் பந்தையே பார்த்தபடி நின்றான். அவனுக்கு வலது பக்கம், முதுகுக்குப் பின்னால், ஒரு ஆள் தன்னந்தனியாக ஓடி வந்தான். தலையால் தட்டினான். கோல். பத்து நிமிடம் கழித்து அதே பந்து, அதே இடம், அதே ஆள். மறுபடி கோல்.

இரண்டு – ஒன்று. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் மருமகனைத் தாண்டிப் போய்ப் புதுக் கீப்பரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு போனார். அது எல்லாருக்கும் புரிந்தது.

பஸ் பக்கத்தில் மருமகன் பையை வைத்துக்கொண்டு நின்றான். கூரைக்காரர் கிட்டே போய், "விடுடா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார்.

"மாமா, அந்தத் தகரத்துக்கு என்ன ஆச்சு?"

கூரைக்காரர் வாயைத் திறப்பதற்குள் சலூன்காரர் முந்திக்கொண்டார். ஒரு வாரம் அடக்கி வைத்த வாய். "எல்லாம் உங்க மாமா கைவரிசைதான்டா! உனக்காக மூணு நாள் மாடா உழைச்சு அந்தச் சனியனை ஊமையாக்கிட்டாரு!"

மருமகன் மாமாவையே பார்த்தான். அழவில்லை, கோபப்படவில்லை. ரொம்பக் களைத்துப் போனவன் மாதிரி பைமேல் உட்கார்ந்தான்.

"ரெண்டு மாசம் மாமா. ரெண்டு மாசமா அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் படிச்சேன். அவங்க எல்லாரும் ஒண்ணா உதைக்கறதில்ல. நான் பந்தைப் பாத்துட்டு நிக்கும்போது எனக்குப் பின்னால எவன் தனியா ஓடி வரான்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் ஆள் வரானோ அந்தப் பக்கத் தகரம் முதல்ல அதிரும். பந்து வர்றதுக்கு முன்னாடியே அதிரும். வீடியோவைப் போட்டு, கண்ணை மூடிக்கிட்டு, வலதா இடதான்னு சொல்லிப் பழகினேன். பத்துக்கு ஒம்பது சரியா வந்துச்சு."

கூரைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "அன்னைக்கு ரூம்ல... நீ பயந்துட்டு..."

"பாத்தீங்களா? பாத்துட்டு ஏன் மாமா கேக்கல?"

"நீயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"உங்ககிட்ட சொன்னா நீங்க சலூன்ல சொல்வீங்க. சலூன்ல சொன்னா அவங்க வரைக்கும் போயிடும்."

சலூன்காரர் முதல் தடவையாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன ஜென்மங்கள்! ஒரே தெருவில் இருக்கிறார்கள், தினமும் முகத்தில் முழிக்கிறார்கள். ஒருவர் மற்றவரிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் சொன்னாள்: "கொடிக்கம்பி என் கழுத்தோட போச்சு. இது அவன் பொழைப்புங்க." அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக அவள் நாலு மணி நேரம் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மருமகன் மாமா வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். அடுத்த இரண்டு ஆட்டத்திலும் புதுக் கீப்பர் நின்றான். மருமகன் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். கூரைக்காரர் ஆட்டத்தைப் பார்க்காமல் அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார்.

பிறகு கிணற்று மைதானத்துச் செயலாளரிடமிருந்து போன் வந்தது. மாட்டிக்கொண்டோம் என்றுதான் கூரைக்காரர் நினைத்தார். "வேலையில குறையே இல்லங்க" என்றார் செயலாளர். "ரொம்ப நல்லா பண்ணிட்டீங்க, அதான் பிரச்சினையே. எங்க ஆளுங்க என்னை உசுரோட விட மாட்டேங்கறாங்க. கொஞ்சம் மோசமா பண்ணித் தர முடியுமா? யார் காலையும் கிழிக்கக் கூடாது, ஆனா சத்தம் வரணும்."

முப்பத்தைந்து வருடத் தொழிலில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தார். கையில் ஸ்பேனர் இல்லை. மருமகன் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான். கூரைக்காரர் எதிரில் போய் நின்றார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டா" என்றார்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. இப்படி ஒரு வாக்கியத்தை அண்ணன் வாயிலிருந்து தங்கை அதுவரை கேட்டதில்லை.

"அந்தத் தகரத்தை அவிழ்த்துவிடச் சொல்றாங்க. எப்படிப் போட்டா உனக்கு நல்லா கேக்கும்? நீயே வந்து சொல்லு. நான் எதையும் தொட மாட்டேன்."

மருமகன் பூட்ஸை இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏணியின் மறுமுனையைத் தூக்க அவன் வந்து நின்றான்.

அன்று முழுக்கக் கூரைக்காரர் அவன் சொன்னதை மட்டும் செய்தார். எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத்தான் தெரியும். இரண்டு தடவை நாக்கைக் கடித்துக்கொண்டார். ஸ்பாஞ்சை உருவினார்கள், நடு ஸ்க்ரூக்களைக் கழற்றினார்கள், ஓரங்களை மட்டும் யாரையும் கிழிக்காதபடி மடித்து இறுக்கினார்கள். மூன்று மணி வாக்கில் மருமகன் கோலுக்குள் போய், தகரத்துக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டான்.

"எங்க வேணா போய் உதைங்க மாமா."

அவர் உதைத்தார். கிணறு முழுக்க அதிர்ந்தது. அலுவலகத்திலிருந்து காவலாளி விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"வலது ஓரம்" என்றான் மருமகன்.

ஓடிப் போய் இன்னொரு இடத்தில் உதைத்தார். "இடது, நடுவுக்குக் கிட்ட." இன்னொன்று. "வலது." ஐம்பத்தாறு வயதில் தொண்ணூற்றாறு தகட்டின் நீளத்துக்கும் இங்கும் அங்கும் ஓடினார். பையன் ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தான். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டேனே என்ற நினைப்பு ஒவ்வொரு உதைக்கும் அவர் நெஞ்சில் ஏறியது. ஒன்பதாவது உதைக்குப் பிறகு கால் எழும்பவில்லை. தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்; அவர் தோள் குலுங்கக் குலுங்கத் தகடும் லேசாகக் கிடுகிடுத்தது.

மருமகன் திரும்பவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றான்.

"இடது பக்கம், அஞ்சாவது தகடு" என்றான். "அழாதீங்க மாமா. அடுத்த வருஷம் இங்க நான்தான் நிப்பேன். அதுவரைக்கும் அந்த ஸ்க்ரூவைத் தொடாம இருங்க, அது போதும்."